சீட்டுக் கட்டிய லாரி

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உளியைப் பிடித்தவன் நான். பலகையில் பென்சிலால் அளவு குறிப்பது மட்டுமே என் எழுத்து வேலை. அதனால் என் வரிகள் நேராகப் போகாது. சின்ன ‘ர’ வர வேண்டிய இடத்தில் பெரிய ‘ற’ வந்து உட்கார்ந்திருக்கும். வாயால் சொல்லிவிடலாமே என்றால் அது இதைவிட மோசம். இரண்டு பேருக்கு மேல் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்து மூன்று வயதாகியும் அது மாறவில்லை.

நான் எழுத வந்தது ஒரு மனிதரைப் பற்றி. அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. நாங்கள் எல்லோரும் சாமி என்றுதான் கூப்பிட்டோம். பாலக்காட்டில் தேர் ஓடுகிற தெரு ஒன்றில் அவர் வீடு. ஒரு பஸ் கம்பெனியின் ஸ்டோரில் குமாஸ்தா வேலை. எந்த வண்டியின் எந்த உதிரிப் பாகத்தைக் காட்டினாலும் அதன் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார் என்று பேர். ஆனால் நான் பார்த்த வரையில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை, ‘நேக்குத் தெரியாது’ என்பதுதான்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாமெல்லாம் தெரியாது என்று சொல்ல நேர்ந்தால் தலையைக் குனிவோம், இல்லையென்றால் கோபப்படுவோம். அவருக்கோ வாயில் கற்கண்டு போட்ட மாதிரி இருக்கும்.

எழுபத்து நாலாம் வருஷம் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால் என் பட்டறை இருந்தது. மாட்டு வண்டி செய்வேன், லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டுவேன். ஒரு நாள் பக்கத்துக் கொட்டகைக்கு ஒரு லாரியின் முதுகில் இன்னொரு லாரி ஏறி வந்தது. மறையூருக்கு மேலே ஏதோ ஒரு எஸ்டேட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்ததாம். எங்கள் பண்ணாடி அதை லேலத்தில் எடுத்திருந்தார். ஏலத்தைத்தான் நாங்கள் லேலம் என்போம். பண்ணாடி என்றால் எங்கள் பக்கத்தில் நிலபுலன் உள்ள தோட்டத்துக்காரர். தேங்காயும் கடலைக்காயும் பொள்ளாச்சிக்கு ஏற்ற அவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

நீண்ட மூக்கு. பித்தளை ரேடியேட்டர். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் இரண்டு துளை மட்டும். டிரைவர் உட்காரும் கூண்டு முழுக்க மரம், அதில் பாதி கறையான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சீமையிலிருந்து வந்த வண்டி என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்த காகிதமும் எலி தின்ற பாதிதான். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதிக் கொடுத்தால்தான் பதிவு பண்ண முடியும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் பண்ணாடி இந்தச் சாமியை அழைத்து வந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பழைய காக்கிச் சட்டை. காக்கியை மாட்டிக்கொண்டு வண்டியை மூன்று தடவை சுற்றினார். மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார். அடியில் படுத்துப் பின் அச்சைத் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“என்னுங்க சாமி, என்ன வண்டீங்க?” என்றார் பண்ணாடி.

“நேக்குத் தெரியாது.”

“தெரியாதுங்களா? அப்பறம் எதுக்குங்க சிரிக்கறீங்க?”

“இருபத்திரண்டு வருஷமா ஸ்டோர்ல உட்கார்ந்துண்டு இருக்கேன். தெரியாத சாமான் ஒண்ணு கையில வரலை. இன்னிக்கு ஒரு வண்டியே வந்துடுத்து, கேட்டேளா!”

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார். கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை. கழற்றுகிற ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டி ஒரு அட்டைச் சீட்டுத் தொங்க விடுவார். என்ன சாமான் என்று தெரிந்தால் அதில் பெயர் இருக்கும். தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி மட்டும். ஒரு மாதத்தில் கொட்டகை முழுக்கச் சீட்டுத் தொங்கியது. சந்தைக்கு வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, “என்ன ஆசாரியாரே, மாட்டுப் பொங்கல் முன்னாடியே வந்துருச்சுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் கிளம்பும் முன் அவர் கேள்விக்குறிகளை மட்டும் எண்ணுவார். எண்ணிக்கை குறைந்திருந்தால் கொஞ்சம் வாட்டம் தெரியும் என்று எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

இந்தத் தெரியாது அவரை ஒரு கல்யாணத்தில் மாட்டிவிட்ட கதை எங்கள் ஊரில் பிரசித்தம். சந்தையில் அரிசி மண்டி வைத்திருந்தவர் தன் தம்பி மகளுக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். மாப்பிள்ளைப் பையன் சாமியின் பஸ் கம்பெனியில் கண்டக்டர். “பையன் எப்படீங்க சாமி?” என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கம்போல, “நேக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். கல்யாண விசாரணையில் ஒருவர் தெரியாது என்றால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள்? பையன் குடிகாரன், அல்லது ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கிறது. நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் விஷயம் தெரிந்ததும் மனுஷன் காக்கிச் சட்டையோடு மண்டிக்கு ஓடினார்.

“நான் ஸ்டோர்ல இருக்கேன், அந்தப் பையன் பஸ்ல இருக்கான். ரெண்டு தடவை பல்பு வாங்க வந்திருக்கான், அவ்வளவுதான். தெரியாதுன்னா தெரியாதுன்னுதான் ஓய் அர்த்தம்!”

கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். “சாமிகிட்ட இனி மழ வருமான்னு கூட யாரும் கேக்காதீங்க” என்று பண்ணாடி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் வண்டி விஷயத்தில் பண்ணாடிக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

“ஏனுங்க சாமி, ரோட்டுல ஓடற ஏதாச்சும் ஒரு கம்பெனிப் பேர எழுதிக் குடுங்க. ஆபீசுல இருக்கறவன் வந்து அடியில படுத்தா பாக்கப் போறான்?”

“தெரியாததை எழுதப்படாது.”

“அப்பறம் எப்பத்தான் தெரியும்ங்க?”

“அதுவும் தெரியாது” என்று சொல்லிவிட்டு வண்டிக்குள் ஏறி டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார். புதுக் கூண்டுக்கு அளவு எடுத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கால்களை நீட்டி மூன்று பெடல்களையும் மாற்றி மாற்றி மிதித்தார். எல்லா லாரியிலும் உள்ளதுபோல இடது பக்கம் கிளட்ச், நடுவில் பிரேக், வலது பக்கம் ஆக்சிலேட்டர். கீழே இறங்கி அடியில் போனார்.

“பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் யாரோ அறுத்து மாத்தி ஒட்டியிருக்கா. வெல்டிங் தெரியறது. எதுக்கு மாத்தினா?” என்றார். இரண்டு பெடலிலும் கேள்விக்குறி கட்டினார். பிறகு தான் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஆசாரியாரே, இங்க நாலு ஆணித் துளை இருக்கு. ஏதோ தகடு அடிச்சு வெச்சிருந்திருக்கா. நீங்க பார்த்தேளா?”

பார்த்திருந்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. கறுப்பாக, பெயிண்ட் படிந்து, ஒன்றும் தெரியாமல் இருந்தது. கூண்டைப் பிரிக்கத் தொடங்கிய முதல் நாளே அதைப் பிடுங்கி, என் சாமான் பெட்டியின் பின்பக்கத்தில் எலி போட்ட ஓட்டையை அதை வைத்து ஆணி அடித்து மூடிவிட்டேன். பண்ணாடி நிற்கிறார், அவருடைய பம்புசெட் பிட்டர் நிற்கிறார், தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். அவ்வளவு பேர் நடுவில், அடுத்தவர் வண்டித் தகட்டை எடுத்து எலி ஓட்டைக்கு அடித்தேன் என்று எப்படிச் சொல்வது?

“தெரியாதுங்க சாமி” என்றேன்.

அவர் நம்பிவிட்டார். என் தெரியாதையும் அவருடைய தெரியாது போலவே எடுத்துக்கொண்டு, அந்த நாலு துளைக்கும் சேர்த்து ஒரு கேள்விக்குறிச் சீட்டுக் கட்டினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த டிரைவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கோபாலபுரம் செக்போஸ்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் வண்டி அந்த வழியாக ஏற்றி வரப்பட்டபோது பார்த்திருக்கிறார். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கவே அவருக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

“அண்ணாச்சி, அந்த வண்டிய ஓட்டிராதிய. அதுக்கு பிரேக் கெடையாது” என்றார்.

பண்ணாடிக்கு முகம் மாறிவிட்டது. “நீங்க யாருங்க?”

“எஸ்டேட்டுல இதுக்கு டிரைவரா இருந்தவன். ஏழு வருசம் ஓட்டுனேன்.”

சாமி தன் துணிப்பையிலிருந்து காபி பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு நின்றபடியே சொன்னார். கோயில் கொடைக்காக ஒரு மாதம் லீவு எடுத்துத் திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்த அன்று காலையில் தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றி வண்டி தயாராக நின்றது. அந்த வண்டியை எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவார்கள். கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலை இல்லாமல், சும்மா இறக்கத்தில் உருட்டி விட்டாலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அன்றும் உருட்டினார், எஞ்சின் பிடித்தது. வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்தார்.

“மிதிக்க மிதிக்க வண்டி பறக்கு. இன்னும் அழுத்துதேன், இன்னும் பறக்கு. எடை போடுத கொட்டகைச் சொவத்துலதான் நின்னுச்சு. நல்ல வேளை, உள்ள ஆளு இல்ல. நான் குடிச்சிருந்தேன்னு எழுதிட்டாவ. குலசாமி மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் தொட்டதே இல்ல. பொறவு ஒருத்தனும் எனக்கு வண்டி தரல. நானும் கேக்கல.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது காலைப் பார்த்தார். “என் காலையே எனக்கு நம்ப முடியலய்யா. நான் பிரேக்கத்தான் மிதிச்சனா? நீங்க வண்டியப் பிரிச்சுப் பாத்திருக்கிய. நீங்களாச்சும் சொல்லுங்க.”

பண்ணாடி, பிட்டர், நான், எல்லோரும் சாமியைப் பார்த்தோம். பெரிய மனசுள்ள யாராக இருந்தாலும் அந்த நேரத்தில், ‘ஆமாம், உங்கள் மேல் தப்பில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

“நேக்குத் தெரியாது” என்றார் சாமி. அன்றைக்கு மட்டும் அவர் முகத்தில் கற்கண்டு இல்லை. “அடுத்த ஞாயிறும் வாங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இழைப்புளி பிடிக்கக் கை வரவில்லை. சாமான் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தகட்டின் ஆணி நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டு தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமியின் முன்னால் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் தகட்டைத் தேய்த்தார். கறுப்பு கழன்று பித்தளை வந்தது. மூன்று வட்டங்கள் வரிசையாக. இரண்டு பெரிசு, நடுவில் இருந்தது சின்னது. ஒவ்வொன்றுக்கும் கீழே இங்கிலீஷ் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே, வளைத்து எழுதிய ஒரு பெயர்.

“டார்ன்லி” என்று எழுத்துக் கூட்டினார். “டார்ன்லி! ஸ்டோர்ல ஒரு பழைய கேட்டலாக்ல ஒரே ஒரு வரி பார்த்திருக்கேன். வண்டியைப் பார்த்ததில்லை.” விரல் நடு வட்டத்துக்கு வந்தது. “இங்க பாருங்கோ. நடுவுல இருக்கிற சின்னதுதான் ஆக்சிலேட்டர். பிரேக் வலது பக்கம். இந்தக் கம்பெனி வண்டி பொறந்ததே அப்படித்தானாக்கும்!”

பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

“இது எத்தனை நாளா இங்க இருக்கு?”

“ரெண்டு மாசமுங்க சாமி.”

“தெரியாதுன்னேளே?”

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. வண்டிக்குப் போய், அந்த நாலு ஆணித் துளையில் கட்டியிருந்த கேள்விக்குறிச் சீட்டை அவிழ்த்து வந்து என் கையில் வைத்தார்.

“இது என்னோடது இல்லை. உங்களோடது” என்றார். அவ்வளவுதான்.

டிரைவருக்கு மட்டும் விஷயம் சட்டென்று பிடித்துவிட்டது. “ஆமாய்யா! ஆக்சிலேட்டர் நடுவுலதான். ஏழு வருசமும் அப்படித்தான் ஓட்டுனேன். காலு தானாப் போவும், குனிஞ்சு பாத்ததே கெடையாது. நான் ஊருக்குப் போன மாசத்துல மாத்திட்டானுவளா?”

“மாத்தினது தெரியறது. எப்போ மாத்தினான்னு தெரியலை. நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே மாத்தியிருந்தா?” என்றார் சாமி. “நேக்குத் தெரியாதே.”

டிரைவரின் முகம் சுருங்கியது. அவர் ஏழு வருஷம் ஓட்டியதற்கு அவர் வாய்தான் சாட்சி. அந்த வாயைத்தான் குடித்த வாய் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அப்போது என்ன வந்தது என்று இன்றும் சொல்ல முடியவில்லை. மரக் குவியலுக்குப் பின்னால் ஓடினேன். பெடலுக்குக் கீழே இருந்த பழைய தரைப் பலகையை, புதிதுக்கு அளவு பார்ப்பதற்காக எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டு வந்து வெயிலில் போட்டேன்.

“இது எனக்குத் தெரியுமுங்க” என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரிக் கேட்டது. “தேக்குப் பலகைங்க. நடுப் பெடலுக்கு முன்னால பாருங்க, குழி. ஒருத்தர் குதிகாலை ஊணி வருசக் கணக்கா ஒரே எடத்துல வெச்சிருந்தாத்தான் தேக்குல இப்பிடிக் குழி விழுகுமுங்க. பிரேக்குல யாரும் குதிகால ஊணி வெக்க மாட்டாங்க, ஆக்சிலேட்டர்லதான் வெப்பாங்க. இப்ப வலது பக்கம் பாருங்க. அங்க ஆக்சிலேட்டர் வந்த பொறவு வண்டி ஓடியிருந்தா அங்கயும் தேயோணுமில்லீங்களா? இழைப்புளி போட்ட வரி கூட அழியலீங்க.”

பட்டறை வைத்த நாளிலிருந்து நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பண்ணாடி வாயைத் திறந்தபடி பார்த்தார், பலகையை அல்ல, என்னை.

சாமி அந்தக் குழிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். வலது பக்கத்தை நகத்தால் வருடினார். வண்டிக்கு அடியில் போய், மாற்றி ஒட்டிய இடத்தில் அரம் போட்ட கோடுகளை வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து முதுகில் மண்ணோடு டிரைவரின் முன்னால் நின்றார்.

“நேக்குத் தெரியும்” என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

“மாத்தினதுக்கு அப்பறம் இந்த வண்டி ஒரு நாள் முழுசா ஓடலை. அரம் போட்ட கோடு புதுசா அப்படியே இருக்கு. நீங்க மிதிச்சது பிரேக் இருந்த இடம். உங்க கால் பொய் சொல்லலை.”

டிரைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, “யாருய்யா மாத்துனா?” என்று கேட்டார்.

“அது நேக்குத் தெரியாது” என்றார் சாமி. எல்லோரும் சிரித்துவிட்டோம், துண்டுக்குள் இருந்தவரும்தான்.

பெடல்களைப் பிறந்தபடியே திருப்பி வைத்தோம். நான் கூண்டை வேங்கை மரத்தில் புதிதாகக் கட்டினேன். தரைப் பலகையை மட்டும் மாற்றக் கூடாது என்று சாமி சொல்லிவிட்டார். குழியோடு அதே பலகையைப் போட்டேன். பதிவுக் காகிதத்தில் கம்பெனிப் பெயரை அவரே எழுதினார். எந்த வருஷம் செய்தது என்ற இடத்தில், ‘தெரியாது’ என்று எழுதினார். ஆபீசர் கத்தினார், பண்ணாடி கெஞ்சினார். அவர் அசையவில்லை. கடைசியில் ஆபீசரே ஏதோ ஒரு வருஷத்தைத் தன் கையால் போட்டுக்கொண்டார்.

முதல் ஓட்டம் கோபாலபுரம் வரைக்கும். யார் ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. அந்தப் பெடலுக்கு இந்த உலகத்தில் பழகிய கால் ஒன்றுதான் இருந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். குதிகால் அந்தக் குழியில் போய் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அவரைத் தார்ப்பாய் கட்ட வைத்த செக்போஸ்ட் வந்தது. குறுக்கு மரத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார், தூக்கிய டம்ளரைக் கீழே வைக்கிற மாதிரி. கூடத் தார்ப்பாய் கட்டியவர்கள் ஓடி வந்தார்கள். “ஏண்ணா, பிரேக் இல்லாத வண்டீன்னீங்க?” என்று ஒருவன் கத்தினான்.

“எல்லாம் இருந்த எடத்துலதாம்ல இருக்கு” என்றார் அவர்.

பண்ணாடியிடம் அவர் எட்டு வருஷம் அந்த வண்டியை ஓட்டினார். பிறகு வண்டி கை மாறியது. எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. இது நிஜமான தெரியாது.

தகடு வண்டிக்கே திரும்பிப் போனதால் என் பெட்டியில் எலி ஓட்டை மறுபடியும் திறந்துகொண்டது. வண்டி கிளம்பிப் போன பிறகும் சாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பையிலிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்துத் தானே என் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார். கோணலாகத்தான் அடித்தார். ஸ்டோர்க்காரருக்குச் சுத்தியல் வராது. நான் அதைச் சரி பண்ணவே இல்லை. அதுதான் அவர் எங்கள் ஊருக்குக் கடைசியாக வந்தது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடம் வந்தார். பழைய வண்டிகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறாராம். இந்தப் பக்கத்தில் பித்தளை மூக்கு லாரி ஒன்று ஓடியதாமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். “தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தச் சீட்டு இன்னும் கிடக்கிறது. நூல் இற்றுப்போய்விட்டது, கேள்விக்குறி அழியவில்லை. அந்த ஆளை இனி எங்கே போய்த் தேடுவது? ஒரு நோட்டு வாங்கி வந்து எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். யாராவது கேட்டால் இதை நீட்டினால் போதும், பேச வேண்டியதில்லை. சீட்டையும் இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை
25-8-1996, ஞாயிற்றுக்கிழமை